மூன்றாவது பலகை

முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? ராய்ஸ் இரண்டடி பின்னால் போய்விட்டான். ஆஷர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். அப்படியானால் கடுமையான நெடிதான். ஆனால் என்ன நெடி? தார் நெடியா, டீசல் நெடியா, வேறு ஏதாவதா? மூக்கை மட்டும் சுளித்தால் போதுமா, கண்ணையும் இடுக்க வேண்டுமா?

வெர்னா டாக்கெட் திறந்த பீப்பாயின் மேல் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். குனிந்து நேரம் கடத்தினாள். உள்ளே அசையாத, கனத்த கறுப்பு. அதில் அவளுடைய தொப்பியின் விளிம்பு தெரிந்தது. மூச்சை நன்றாக இழுத்தாள். மூக்கின் உள்பக்கம் லேசாகக் காந்தியது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. வெறும் காற்று.

"என்ன மிஸ் வெர்னா?" என்றார் ஆஷர், கைக்குட்டைக்குள்ளிருந்து. "இந்த வட்டாரத்துக்கே உங்க மூக்குதான் ஆய்வுக்கூடம்னு சொல்றாங்க. தீர்ப்பு சொல்லுங்க."

"அக்கா மூக்கு பொய் சொல்லாது சார்," என்றான் ராய்ஸ். "போன வருஷம் ஒரு கடைக்காரன் பெயின்ட் டின்னைத் திறக்கவேயில்ல, 'இதுல தண்ணி கலந்திருக்கே'ன்னுட்டா. அவன் மூஞ்சி போன போக்கைப் பாத்திருக்கணும் நீங்க!"

அது மூக்கால் தெரிந்ததல்ல. டின்னைத் தூக்கியபோது எடையில் தெரிந்தது. தம்பிக்கு அதை அவள் சொன்னதில்லை.

வெர்னா நிமிர்ந்தாள். கண்ணை ஒரு முறை இடுக்கித் திறந்தாள். "தார்தான். பழைய தார். மெலிசாக்கறதுக்கு எதையோ ஜாஸ்தியா ஊத்தி வெச்சிருக்காங்க. அவ்வளவுதான்."

சொன்னதும் ஒரு நிம்மதி வந்தது. மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த நிம்மதி. அதற்குப் பின் வந்த நாட்களில் அவளால் ஜீரணிக்க முடியாமல் போனது அந்தப் பொய்யைவிட அந்த நிம்மதியைத்தான்.

வாசல் பக்கம் இனேஸ் நின்றுகொண்டிருந்தாள். கருவுற்ற குதிரைகளைப் பார்த்துக்கொள்பவள். ஓட்ஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கழுத்துத் துணியை மூக்குவரை ஏற்றிக் கட்டியிருந்தாள். துணிக்கு மேலே தெரிந்த கண்கள் வெர்னாவையே பார்த்தன. பார்த்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு காலத்தில் புகையிலை உலர்த்திய கொட்டகை அது. சுவரோரம் ஆறு பீப்பாய்கள் நின்றன. திரும்பும்போதுதான் வெர்னா கவனித்தாள். ஆறிலும் ஒரே இடத்தில், சரக்கின் பெயர்க் காகிதம் ஒட்டியிருந்த சதுரம் தகடு தெரியச் சுரண்டப்பட்டிருந்தது. வெயிலிலும் ஈரத்திலும் உரிந்த காகிதம் ஓரத்தில் கொஞ்சமாவது தங்கும். இதில் ஒரு நார்கூட இல்லை. யாரோ உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், கத்தியால் சுரண்டியிருக்கிறார்கள்.

"இது எங்கேருந்து வந்தது, மிஸ்டர் ஆஷர்?"

"முந்தின முதலாளி விட்டுட்டுப் போனது. நல்ல சரக்கு. வீணாப் போக வேண்டாமே."

ஆஷர் பண்ணையின் மேலாளர். மென்மையாகப் பேசுகிற, சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாத மனிதர். மூன்று மைல் வேலி அந்தப் பண்ணையைச் சுற்றி ஓடியது. தூணுக்குத் தூண் நான்கு வரிசை வெள்ளோக் மரப் பலகைகள். மே மாதத்தில் பாதிப் பலகைகளைப் பிடுங்கிவிட்டுப் புதியவற்றை அடித்திருந்தார்கள். அறுத்து ஒரு வாரம்கூட ஆகாத பச்சை மரம். பழைய பலகை கறுப்பு, புதியது மஞ்சள், மறுபடி கறுப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் வேலி பல் விழுந்த வாய் மாதிரி இளித்தது. ஆகஸ்டு நடுவில் முதலாளியின் விருந்தாளிகள் வருகிறார்கள், குதிரைகளை விலை பேச. அதற்குள் மூன்று மைலும் ஒரே கறுப்பாக வேண்டும் என்பது ஆஷரின் பேச்சு. வேலிக்குப் பூச்சு அடிப்பதுதான் வெர்னாவுக்கும் ராய்ஸுக்கும் தொழில்.

"பச்சை ஓக் மேல அவசரப்பட்டு எந்தப் பூச்சும் அடிக்கக் கூடாது," என்றாள் வெர்னா. "ஈரம் உள்ளேருந்து தள்ளும். அடிச்சதெல்லாம் தோல் மாதிரி உரிஞ்சு வந்துடும். ஒரு குளிர்காலம் போகட்டும்னுதான் நான் சொல்வேன்."

"அதனாலதான் இந்தச் சரக்கு. இது மேல நிக்காது, உள்ளே போகும்."

"எந்தப் பூச்சா இருந்தாலும் நான் முதல்ல ஒரு பலகைல பூசி வெச்சுப் பாப்பேன். மூணு வாரம்."

"பத்து நாள்," என்றார் ஆஷர், புன்னகையோடு. "பத்து நாள் நிறைய."

*

மூன்று பலகைகளை அவளே தேர்ந்தெடுத்தாள். மூன்றும் ஒரே மரத்திலிருந்து அறுத்தவை. கருவுற்ற குதிரைகளின் மேய்ச்சல் நிலத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தூண்களின் உள்பக்கமாக அடித்தாள். அந்த ஊரில் பலகை எப்போதும் குதிரை இருக்கும் பக்கம்தான். குதிரை சாய்ந்தால் ஆணி இன்னும் இறுகும். வெளிப்பக்கம் அடித்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் பூச்சும் எப்போதும் குதிரையின் வாய்க்கு நேராகவே இருக்கும். வேலிக்குப் பூச்சு தேர்ந்தெடுப்பது என்றால் மரத்துக்கும் வானத்துக்கும் நடுவே மட்டுமல்ல, மரத்துக்கும் பல்லுக்கும் நடுவேயும் நிற்கப்போவதைத் தேர்ந்தெடுப்பது.

முதல் பலகையில் வெறும் ஆளிவிதை எண்ணெய். இரண்டாவதில் தண்ணீரில் கரைத்த கறுப்பு பெயின்ட். மூன்றாவதில் பீப்பாய்ச் சரக்கு.

மூன்றாவது பலகை அழகாக வந்தது. அதுதான் அவளுக்கு முதலில் பிடிக்காமல் போனது. இருபத்தாறு வருடத்தில் பச்சை ஓக் இவ்வளவு ஆசையோடு எதையும் குடித்து அவள் பார்த்ததில்லை. தூரிகையை வைத்ததும் உள்ளே போனது. மறு பூச்சையும் குடித்தது. காய்ந்த பின்பும் காயாத மாதிரி ஒரு பளபளப்பு. தண்ணீர் சொட்டு வைத்துப் பார்த்தாள். சொட்டு உருண்டு, நிற்காமல் ஓடியே போனது.

அன்று மாலை தன் டிரெய்லர் வீட்டில் தனியாக உட்கார்ந்து சோள ரொட்டி தின்றாள். ரொட்டி மென்மையாக இருந்தது, சூடாக இருந்தது. அவ்வளவுதான் அதைப் பற்றி அவளால் சொல்ல முடியும். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் இறங்கிய காலையில் காப்பியை மோந்து பார்த்தாள், கோப்பை காலியாக இருப்பது போலிருந்தது. ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று நினைத்தாள். ஒரு மாதத்தில். பிறகு நினைப்பதை விட்டுவிட்டாள்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை? தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். லாரி ராய்ஸுடையது. தெளிப்பான் ராய்ஸுடையது. லாரிக் கதவில் எழுதியிருந்த பெயர் ராய்ஸுடையது. அவள் குடியிருந்த டிரெய்லர்கூட ராய்ஸ் வீட்டுக் கொல்லையில்தான் நின்றது. அவளுக்கென்று இருந்தது அந்த மூக்கு ஒன்றுதான். பண்ணைக்காரர்கள் ராய்ஸோடு கைகுலுக்கிவிட்டு அவள் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க, மிஸ் வெர்னா?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கணத்துக்காக அவள் கையையும் கண்ணையும் காதையும் மூக்காக மாற்றிக்கொண்டாள். எடை, ஒட்டுதல், சொட்டு விழும் சத்தம். ஏமாற்று என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. எப்படியும் சரியாகத்தானே சொல்கிறேன் என்று இருந்தாள். அன்று கொட்டகையில்தான் முதல் முறையாக, எதுவுமே தெரியாமல் சொன்னாள்.

*

நான்காம் நாள் முதல் பலகையில் பிறை பிறையாகப் பல் தடம். எண்ணெய் பூசிய ஓக் குதிரைகளுக்குத் தின்பண்டம் மாதிரி. இரண்டாம் பலகையில் பெயின்ட் கொப்புளம் கட்டியிருந்தது. இரண்டுமே அவள் எதிர்பார்த்ததுதான்.

மூன்றாவதை அவள் தூரத்திலிருந்தே பார்த்தாள். அதன் அடியில் புல் ஒரு கோடாக வெளுத்திருந்தது, பலகையின் நீளத்துக்கு, அளந்து வெட்டிய மாதிரி. ஜூலை மாதத்தில் பூசாத ஓக் பலகையில் குளவிகள் வந்து உட்கார்ந்து கூட்டுக்காக மரத்தைச் சுரண்டும். காதை வைத்தால் கேட்கும் அந்தச் சத்தம். பக்கத்துத் தூண்களில் கேட்டது. இங்கே இல்லை. பலகைக்குக் கீழே, வெளுத்த புல்லில், ஏழெட்டுக் குளவிகள் காலை மடக்கிக்கொண்டு கிடந்தன.

பதினோரு குதிரைகளில் பத்து, மேய்ச்சல் நிலத்தின் அந்தக் கோடியில் நின்றன. ஜூனி மட்டும் இங்கே இருந்தாள். செம்பழுப்பு நிறம், பதினாறு வயது. வயிற்றில் குட்டி, பிப்ரவரியில் ஈனும் கணக்கு. வேலி கடிப்பதில் பேர் போனவள். பாதிப் பலகைகளை மாற்ற வேண்டி வந்ததற்கே அவளைத்தான் காரணம் சொல்வார்கள். ஆனால் ஜூனி இப்போது கடிக்கவில்லை. மூன்றாவது பலகையை நக்கிக்கொண்டிருந்தாள். கண்ணைப் பாதி மூடி, மெதுவாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. உதடெல்லாம் கறுப்பு.

"ஏய்! போ அங்கிட்டு!" வெர்னா தொப்பியைக் கழற்றி வீசினாள். ஜூனி இரண்டடி நகர்ந்து நின்றாள். வெர்னா தொப்பியை எடுக்கக் குனிந்ததும் திரும்பி வந்தாள்.

பின்னால் சிரிப்புச் சத்தம். ஆஷரும் ராய்ஸும் வேலிக்கு வெளியே நின்றிருந்தார்கள்.

"பாத்தீங்களா மிஸ் வெர்னா? எது நல்லதுன்னு அவளே தேர்ந்தெடுத்துட்டா," என்றார் ஆஷர்.

"நீ இனிமே வீட்டுல இரு அக்கா. உன் வேலைக்கு ஜூனியை வெச்சுக்கறேன்," என்றான் ராய்ஸ். "ஓட்ஸ் மட்டும் போட்டா போதும். என்னைத் திட்டவும் திட்டாது."

"வாயை மூடுடா. பலகைல ஏதோ இனிப்பு இருக்கு. இல்லேன்னா ஏன் நக்குது?"

"தார்னு நீங்கதானே சொன்னீங்க," என்றார் ஆஷர். குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஞாபகப்படுத்துகிற மாதிரி, அவ்வளவு மென்மையாக.

அன்று கிளம்புவதற்கு முன் வெர்னா கடப்பாறையால் மூன்றாவது பலகையைப் பிடுங்கி, கொட்டகைக்குப் பின்னால் தகரத்துக்கு அடியில் தள்ளிவைத்தாள். மறுநாள் காலை வந்து பார்த்தபோது பலகை அதே தூண்களில், அதே உயரத்தில் இருந்தது. ஆணிகள் புதியவை. வெயிலில் மின்னின. ஜூனி நக்கிக்கொண்டிருந்தாள்.

யார் அடித்தது என்று வேலைக்காரர்களைக் கேட்டாள். ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை.

*

எட்டாம் நாள் மதியம் தீவன அறையின் மரப்படியில் உட்கார்ந்து ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். நிழலான இடம். வழக்கமாக அங்கே நான்கு பேராவது இருப்பார்கள். இன்று யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தாள்.

இனேஸ் ஒரு மண்வெட்டியோடு வந்தாள். முகத்தில் துணி. வெர்னாவைப் பார்த்ததும் நின்றாள்.

"இங்கேயா சாப்பிடறீங்க?"

"ஏன், உன் நாற்காலியா?"

"அந்தப் படிக்கு அடியில ரக்கூன் ஒண்ணு செத்துக் கிடக்கு மிஸ் வெர்னா. நாலு நாளாச்சு. நேத்து ரெண்டு பேர் வாந்தி எடுத்தாங்க. அதை அள்ளத்தான் வந்தேன்."

வெர்னாவின் கையில் சாண்ட்விச் பாதி இருந்தது. தின்பதா, கீழே வைப்பதா என்று தெரியவில்லை. எழுந்து நகர்ந்தாலும் தெரிந்துபோகும், உட்கார்ந்தே இருந்தாலும் தெரிந்துபோகும்.

இனேஸ் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தாள். "எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம்."

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ அன்னைக்குக் கொட்டகைல..."

வெர்னா சாண்ட்விச்சைத் தாளில் சுற்றினாள். இனேஸ் அவள் பக்கத்தில் வந்து உட்காரவில்லை, போகவும் இல்லை. ஒரு பொருளை விவரிப்பது போல, தானாகவே சொன்னாள்:

"தார் இல்ல அது. தார் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஊர்ல எங்கப்பா ரோடு போட்ட ஆளு. இது வேற. பூச்சிமருந்து டப்பாவை வெயில்ல திறந்து வெச்ச மாதிரி. அதுக்கு மேல ஒரு இனிப்பு, அழுகின பழம் மாதிரி. ரெண்டு நிமிஷம் நின்னா பல்லெல்லாம் கூசுது. அன்னைக்கு நீங்க தார்னு சொன்னதும், சரி, எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு போலன்னு நெனச்சேன்."

"நீ அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நானா?" இனேஸ் சிரித்தாள். சந்தோஷம் இல்லாத சிரிப்பு. "நான் சொன்னா அடுத்த பஸ்ல ஏத்தி விட்டுடுவாங்க. நீங்க சொன்னா எழுதி வெச்சுக்குவாங்க. ஜூனி ரெண்டு நாளா சாப்பிடல. தெரியுமா? வந்து பாருங்க."

ஜூனி தன் கொட்டடியில் சுவரைப் பார்த்து நின்றாள். தலை தொங்கியிருந்தது. கீழுதடு மட்டும் தனியாக, அவளுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று போலத் துடித்துக்கொண்டிருந்தது. உதட்டிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. இனேஸ் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் கறுப்பு போகவில்லை.

"டாக்டர் காலைல வந்தாரு. வெயில்னு சொல்லிட்டாரு. ஸ்கேன்ல குட்டியோட இதயம் துடிக்குது. இன்னும் துடிக்குது." இனேஸ் ஜூனியின் விலாவில் கையை வைத்தாள். "ஒரே ஒரு பலகைக்கு இப்படி. திங்கட்கிழமை மூணு மைல் அடிக்கப் போறாங்க. இவளோட சேர்த்துப் பதினோரு பேரு. எல்லாருக்கும் வயித்துல குட்டி."

வெர்னாவும் கையை வைத்தாள். தோலுக்கு அடியில் சூடு. அதற்கும் அடியில் ஏதோ அசைந்தது போலிருந்தது. இந்த மாதத்தில் அசைவு வெளியே தெரியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கையை எடுக்க முடியவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து திரும்பும்போது, லாரியில் ராய்ஸிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். அவன் ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு மறு கையால் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். மடியெல்லாம் தூள்.

"ராய்ஸ், அந்தச் சரக்கு வேண்டாம்."

"ஏன்?"

"சரியில்ல."

"சரியில்லன்னா? தார்னு சொன்னியே."

"கூட்டுறவுக் கடைல குதிரைப் பண்ணைக்குன்னே விக்கிற கறுப்பு இருக்கு. அதுவும் பச்சை மரத்துல ஓரளவு இறங்கும். நான் கேட்டுட்டேன், புதன்கிழமைக்குள்ள வந்துடும். அதை அடிக்கலாம்."

"நானும் ஆஷர்கிட்ட அதைச் சொல்லிப் பாத்தேனே. அவர் காதுலயே போட்டுக்கல. கைல இருக்கறதை அடிச்சு முடிங்கன்னுட்டார். ஒரு வார்த்தை விடாம சொல்றேன் கேளு: 'மூணு மைலுக்கு ஆறு பீப்பாய் சரியா இருக்கும், ராய்ஸ். ஒரு சொட்டு மிச்சம் வெக்காதீங்க.'"

வெர்னா சாலையைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வேலிகள், கறுப்பு, மைல் மைலாக. ஒரு சொட்டு மிச்சம் வைக்காதீங்க. வேலி கறுப்பாக வேண்டும் என்று நினைப்பவன் சொல்கிற வார்த்தை அல்ல அது. பீப்பாய் காலியாக வேண்டும் என்று நினைப்பவனின் வார்த்தை. குதிரை வாங்க வருகிறவர்கள் கொட்டகையையும் திறந்து பார்ப்பார்கள், பெயர் சுரண்டிய பீப்பாய்கள் கண்ணில் படும். புதைத்தால் தோண்டலாம், ஊற்றினால் மண்ணைச் சோதிக்கலாம். மூன்று மைல் வேலியின் மேல் மெல்லிசாகப் பரப்பிவிட்டால், எங்கே போயிற்று என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றாது. எல்லா வேலியும் கறுப்புதானே.

"என்ன அக்கா? மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?" ராய்ஸ் அவளைப் பார்த்தான். "இதோ பாரு, நீ மோந்து பாத்து வேண்டாம்னு சொல்லு, நான் லாரியைத் திருப்பிடறேன். உன் மூக்கை நம்பித்தான் இத்தனை வருஷம் ஓடுது. மோந்து பாத்துத்தானே சொல்றே?"

இப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது. ஆனால் அவன் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவன் வேறு யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. நம்பிக்கை என்றா சொல்ல வேண்டும் அதை? ஒரு சுவரில் முதுகைச் சாய்ப்பது மாதிரி. திரும்பிப் பார்க்காமல்.

"நாளைக்கு ஆஷர்கிட்ட நானே பேசிக்கறேன்," என்றாள்.

*

திங்கட்கிழமை ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. முதல் பீப்பாயை லாரியின் பின்புறம் ஏற்றி, குழாயை மாட்டிவிட்டிருந்தான் ராய்ஸ். கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. அவன் முகமூடி போட்டிருந்தான். இதற்கு முன் எந்தப் பூச்சுக்கும் அவன் முகமூடி போட்டதில்லை. கேட்டால், கொஞ்சம் தலை வலிக்குது, அவ்வளவுதான் என்றான்.

ஆஷர் அலுவலக வாசலிலிருந்து கையசைத்தார். "மிஸ் வெர்னா, ஒரு நிமிஷம்."

உள்ளே குளிரூட்டி ஓடியது. சுவரில் ஜெயித்த குதிரைகளின் படங்கள். மேசை மேல் ஒரு காகிதம், அதன் மேல் ஒரு பேனா, நேராக வைத்திருந்தது.

"காப்பீட்டுக்காரங்க ஒரு காகிதம் கேக்கறாங்க. அது இல்லாம தெளிக்க ஆரம்பிக்கக் கூடாதாம். மூணே வரி." அவரே படித்துக் காட்டினார். இந்தப் பூச்சைத் தேர்ந்தெடுத்தது வெர்னா டாக்கெட். அவர் அதைச் சோதித்தார். கருவுற்ற குதிரைகளுக்கு இதனால் கேடு இல்லை. "கீழே உங்க பேரு."

"ஜூனிக்கு உடம்பு சரியில்ல, மிஸ்டர் ஆஷர்."

"வயசாச்சு அவளுக்கு."

"அந்தப் பலகையை நான் பிடுங்கிப் போட்டேன். யாரோ திரும்ப அடிச்சிருக்காங்க."

"பத்து நாள்னு பேசினோமே. சோதனை பாதியில நின்னா அது சோதனை ஆகுமா?" என்றார் அவர். அதே புன்னகை.

வெர்னா கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். இரண்டு வருடமாக நாக்குக்கு அடியில் வைத்திருந்த வாக்கியம். வெளியே வரும்போது அது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது பொய். எனக்கு வாசனை தெரியாது. ரெண்டு வருஷமாத் தெரியாது. அந்தப் பீப்பாய்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

சொல்லிவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள். கோபம் வரும், அல்லது திகைப்பு. இரண்டும் வரவில்லை. ஆஷர் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்துகொண்டார்.

"தெரியும்," என்றார்.

"என்ன?"

"ஏப்ரல்லயே தெரியும். முதல் தடவை பேச வந்தீங்களே, உங்க தம்பி வேலியை அளக்கப் போனப்போ உங்களைப் பழைய பம்ப் அறைல உக்கார வெச்சேன். காப்பி கொண்டாந்து குடுத்தேன். இருபது நிமிஷம் நிம்மதியாக் குடிச்சீங்க. முந்தின நாள்தான் அங்கே ஒரு பீப்பாய் ஒழுகியிருந்தது. எங்க ஆளுங்க அந்த வாசப்படியையே மிதிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சாங்க." குரலில் கிண்டல் இல்லை. ஒரு நல்ல செய்தியைச் சொல்கிற தணிவு. "அதுக்கு முன்னாடி பூச்சு அடிக்கிற வேற ரெண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூடியைத் திறந்ததுமே ஓடிட்டாங்க. நீங்க ஓடல. உங்க பேருக்கோ இந்த வட்டாரத்துல ஒரு மதிப்பு இருக்கு. இதைவிட எனக்கு என்ன வேணும்?"

குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. நீங்க என்ன சொல்றீங்க, மிஸ் வெர்னா? அந்தக் கேள்விக்காகத்தானே இவ்வளவும். ஏப்ரலில் இதே மனிதர் அவள் பக்கம் திரும்பி அதைக் கேட்டபோது, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனதுக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தன்னிடம் இருப்பதற்காகக் கூப்பிட்டார் என்று நினைத்தாள். இல்லாததற்காகக் கூப்பிட்டிருக்கிறார்.

"உங்க தம்பி வெளியில நிக்கிறார்," என்றார் ஆஷர். "அவர்கிட்ட நான் எதுவும் சொல்லப் போறதில்ல. வேற பண்ணைகள்லயும் சொல்ல மாட்டேன். நீங்க எப்பவும் போல இருங்க. இந்த வருஷம் மட்டுமில்ல, ஒவ்வொரு வருஷமும் வேலி இருக்கு, வேலை இருக்கு. ஒரு கையெழுத்து. தெரியாம சொன்னது தப்பே இல்ல, மிஸ் வெர்னா. தெரியாதுன்னு இப்ப வெளியே சொன்னாத்தான் தப்பு."

பேனாவை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். கை தானாக வாங்கிக்கொண்டது, இருபத்தாறு வருடமாகப் பண்ணைக்காரர்கள் நீட்டியதை வாங்கிய பழக்கத்தில்.

கனமான பேனா. விரலுக்கு இதமாக இருந்தது. ஜன்னல் வழியே ராய்ஸ் தெரிந்தான். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, துப்பாக்கி போன்ற தெளிப்பானைத் தோளில் சாய்த்தபடி, அவளுக்காகக் காத்திருந்தான். அவனுக்குப் பின்னால் மஞ்சளும் கறுப்புமாக வேலி. அதற்கும் பின்னால், தூரத்தில், குதிரைகள். அவன் இதை அவளிடமிருந்துதான் கேட்கப்போகிறான், இன்னும் ஐந்து நிமிடத்தில். அவன் முகம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த முகத்தை இழந்தாலும், இந்த மனிதர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கும் ரகசியத்துக்குள் வருடா வருடம் வந்து நிற்க அவளால் முடியாது என்று மட்டும் தெரிந்தது.

பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மாட்டினாள். காகிதத்தின் மேல் வைக்காமல், பக்கத்தில் மேசை மேல் வைத்தாள்.

"மாட்டேன்," என்றாள்.

கம்ப்ரசர் சத்தத்தில் கேட்கவில்லையோ என்னவோ, ஆஷர் முன்னால் குனிந்தார். "என்ன சொன்னீங்க?"

"கையெழுத்து போட மாட்டேன், மிஸ்டர் ஆஷர்."